வெள்ளிக்கு எதிரே

பாப்பா அப்பாவுக்கு,

ரசம் அடுப்பு மேல இருக்கு. மோரை மதியத்துக்குள்ள குடிச்சிருங்க, புளிச்சிரும்.

உங்க கட்டுரை வந்த புத்தகத்தை நேத்து தபால்காரர் குடுத்தாரு. படிச்சேன். ஈஸ்டர் தீவு மரப்பலகையில இருக்கிற, இன்னும் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துல, திரும்பத் திரும்ப வர்ற பறவை உருவம் வெள்ளிக் கிரகம்னு எழுதியிருக்கீங்க. வரிசையில பறவை கொஞ்ச தூரம் காணாமப் போயி, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டு வருது. மேற்கே மறைஞ்ச வெள்ளி, கிழக்கே விடிவெள்ளியா வர்ற கணக்கு அதுன்னு சொல்லியிருக்கீங்க.

அந்த இடைவெளி என்னன்னு தெரியாம நீங்க மாசக்கணக்கா முழிச்சிக்கிட்டு இருந்தீங்க. கல்யாணம் ஆன புதுசுல, வெள்ளி மேற்கே நிக்குது, அதுக்கு எதிரே புதுப்பொண்ணு போகக் கூடாதுன்னு எங்கம்மா என்னை அரியலூர்லயே நிறுத்தி வச்சாங்க. வெள்ளி மறைஞ்சு, ரெண்டு பக்கமும் இல்லாம இருந்து, கிழக்கே வந்த பிறகுதான் மேற்கே இருக்கிற பெரம்பலூருக்கு, உங்க வீட்டுக்கு, பஸ் ஏத்திவிட்டாங்க. அதை நான் ஞாபகப்படுத்தினப்ப, சாப்பிட்ட கையைக்கூட கழுவாம எழுந்து ஓடுனீங்க.

கட்டுரை முடிவுல நன்றி சொல்லியிருக்கீங்க. போட்டோ எடுத்தவருக்குக்கூட பேரு இருக்கு. எனக்கும் ஒரு வரி இருக்கு: "பொறுமையாகத் தேநீர் தந்த மனைவிக்கு."

பாப்பா ஹாஸ்டல்லேருந்து கூப்பிட்டா நானே பேசிக்கிறேன். பால் பாக்கெட்டை இனிமே நீங்கதான் எடுத்து வைக்கணும்.

முதல் பஸ்ஸுல அரியலூர் போறேன். விடிவெள்ளி கிழக்கே நேரா நிக்குது. அதுக்கு எதிரேதான் போகப்போறேன்.

இப்படிக்கு,
தேநீர் தந்தவ