ஒரு டம்ளர் தூரம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
9-2-76

அன்புத் தங்கை மரியசெல்விக்கு அண்ணன் ஜேசுதாசன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மதினியும் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகந்தானே? மாதம் நெருங்குகிறது. தாய்வீட்டில் இருக்கிறோம் என்று குடம் தூக்கிக்கொண்டு அலையாதே.

மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். சாப்பாட்டில் குறையில்லை, மட்டையில்தான் குறை. நேற்று கிரிக்கெட் ஆட்டத்திலும் முட்டை, ஒரு ரன்கூட இல்லை. மாப்பிள்ளை தொம்மை இறங்கினால் பந்து உப்பளத்தில்தான் விழும் என்று கூட்டம் கூடிய காலம் போய்விட்டது. இப்போது அவர் காலடியிலேயே பந்தைப் பொறுக்கிக்கொள்கிறார்கள். "ஏலே, அந்த மட்டைய அடுப்புக்காவது குடுங்கலே!" என்று ஒருத்தன் கத்தினான். கேப்டன் நான், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

எங்கள் கப்பல் கம்பெனி முதலாளி சுந்தரராஜ் அண்ணாச்சிக்கு இந்த வருஷம் கோப்பை வேண்டும். நமக்கோ பவுண்டரிப் பக்கம் பெரிய ஓட்டை. கோவில்பட்டியில் ஒரு மில் டீமில் செல்லப்பாண்டி, ராமர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லைக் கோட்டில் அவர்கள் நின்றால் ஒரு பந்தும் தாண்டாது. பதிலுக்கு யாரைத் தருவீர்கள் என்று மில்காரர்கள் கேட்கிறார்கள். மதுரையிலும் ஒருவன் உண்டு, அவன் வேலையோடு வீடும் கேட்கிறான். பேச்சுதான் நடக்கிறது. நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ஜேசுதாசன்


பெரியதாழை
14-2-76

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை மரியசெல்வி வணக்கம். அம்மாவுக்குக் கால்வலிதான், மற்றபடி சுகம்.

பதிலுக்கு யாரைத் தருவீர்கள் என்று கேட்டார்களாம். அந்த 'யார்' என் வீட்டு ஆள்தான் என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை. எனக்குப் புரியாமலா போகும்?

அவுக ஏன் அடிக்க மாட்டேன் என்கிறாக என்று உங்களுக்குத் தெரியாதா அண்ணா? மாதா திருவிழா முடிந்த மறுவாரம் பயிற்சி நடந்ததே, மறந்துவிட்டதா? பந்து போட்டது அல்போன்ஸ். சங்கு குளித்த தோள், அந்த வேகம். அவுக கால் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாக. வலைக்குப் பின்னால் நின்று "நேர அடிங்க மாப்ள, நேர அடிங்க" என்று கத்தியது நீங்கள். அவுக நேரே அடித்தாக. அல்போன்சுக்கு ஒரு கண் போயிற்று.

ஒற்றைக் கண்ணோடு இனிக் கடலில் மூழ்க விடமாட்டோம் என்று அவரைச் சங்குத் தோணியில் ஏற்றுவதில்லை. அவுக ஞாயிறு தவறாமல் பூசை முடிந்து அந்த வீட்டுக்குப் போகிறாக. நீங்கள் எத்தனை தடவை போனீர்கள்? மட்டையை ஓங்கினால் எதிரே அல்போன்ஸ் முகம்தான் தெரிகிறது என்று என்னிடம் சொல்லி அழுதாக. உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் முடியும் வரைக்கும் அவுகளை எங்கேயும் தள்ளிவிடாதீர்கள். சொந்த மச்சானே கழித்துக்கட்டினான் என்று நாலு பேர் பேச, அந்த முகத்தோடு அவுக கோவிலில் நிற்க வேண்டாம். என் பிள்ளைக்கு ஞானத் தகப்பன் நீங்கள்தான் என்று என் கல்யாணத்தன்றே சொன்னீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

தங்கை,
மரியசெல்வி


தூத்துக்குடி
3-3-76

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் உடம்புக்கு ஆகாது, அதுவும் இந்த நேரத்தில்.

பேச்சு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை போன திங்கட்கிழமையே கோவில்பட்டி போய்ச் சேர்ந்தார். செல்லப்பாண்டியும் ராமரும் இங்கே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு இரண்டு பேர்! அண்ணாச்சி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். உனக்கும் கெடுதல் ஒன்றுமில்லை. மில் ஸ்டோரில் பகல் வேலை, குடியிருக்க லயன் வீடு. இங்கே கப்பல் வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் நிற்க வேண்டியிருந்ததே.

அல்போன்ஸ் விஷயம் விளையாட்டில் சகஜம். நான் சொல்லித்தான் அடித்தார் என்றால், நான் சொன்ன மற்றதையெல்லாம் ஏன் கேட்கவில்லையாம்? அதை விடு. ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பும் கால் தண்டையும் என் பொறுப்பு.

அண்ணன்


பெரியதாழை
24-3-76

அண்ணனுக்கு,

சனிக்கிழமை காலை ஆண் பிள்ளை பிறந்தான். இருவரும் சுகம். அவுக வந்து பார்த்துவிட்டு மறுநாளே வேலைக்குத் திரும்பினாக. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 25 ஞாயிறு, நம் ஊர்க் கோவிலில் ஞானஸ்நானம். பங்குச் சாமியாரிடம் உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். வாருங்கள். மற்றதை மறக்கப் பார்க்கிறேன்.

மரியசெல்வி


தூத்துக்குடி
15-4-76

அன்புத் தங்கைக்கு,

மருமகனுக்கு ஆயிரம் முத்தம். உடுப்பும் தண்டையும் ஊருக்கு வரும் நம்ம பொன்னுதுரை கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு கோவில்பட்டியில் போய் மில் டீமோடு ஆடினோம். ஜெயித்துவிட்டோம். செல்லப்பாண்டி பிடித்த கேட்சைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாப்பிள்ளையை அன்று இறக்கவில்லை போலிருக்கிறது. தூரத்தில் நின்றார். கை காட்டினேன், கவனிக்கவில்லை. பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை, லாரி கிளம்பிவிட்டது.

ஒரு சங்கடம். 25-ம் தேதி எங்களுக்கு ஃபைனல். கேப்டன் இல்லாமல் நடக்குமா? ஞானஸ்நானத்தை ஒரு வாரம் தள்ளிப்போடு. சாமியார் நமக்குத் தெரிந்தவர்தானே, நான் சொன்னதாகச் சொல்லு.

அண்ணன்


கோவில்பட்டி
2-5-76

ஜேசுதாசன் அண்ணனுக்கு,

தள்ளிப்போடவில்லை. 25-ம் தேதியே முடிந்தது.

தூரத்தில் நின்றார் என்று எழுதினீர்கள். எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் தூரம். ஆடும் பதினொரு பேரில் இவுகளைச் சேர்க்காமல் தண்ணீர் தூக்க விட்டிருந்தார்கள். மைதானத்துக்கு நடுவில் உங்கள் எல்லாருக்கும் வாளியோடு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது இவுகதான். நீங்கள் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, ராமரோடு பேசிக்கொண்டே திருப்பி நீட்டினீர்கள். கொடுத்த முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏளா, ஒங்க அண்ணனுக்கு நல்ல தாகம்" என்று சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாக. நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

கோவிலில் ஞானத் தகப்பனாக அல்போன்ஸ் நின்றார். இவுகதான் போய்க் கூப்பிட்டாக. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாதே, பிள்ளையை வாங்கும்போது கையை அகலமாக விரித்துக்கொண்டு, "கீழ போட்ருவனோ" என்று பயந்தார். இவுக தன் கையை அவர் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "புடிங்க, நான் இருக்கேன்" என்றாக. பூசை முடியும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. அம்மா அழுதாள். நீங்கள் ஃபைனலில் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

உடுப்பையும் தண்டையையும் பொன்னுதுரையிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கடிதம் எழுத வேண்டாம், வந்தால் பிரிக்க மாட்டேன்.

நீங்கள் ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்கினீர்கள். எங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. உங்களைக் கொடுத்துவிட்டு அல்போன்சை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

இப்படிக்கு,
தொம்மை மனைவி மரியசெல்வி