டயர்க்காரர் வாங்காத நோட்டீஸ்

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமா? இந்தக் கடிதத்தை நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், நம் வீட்டில்தான்! வாடகைக்கு இருந்த டயர்க்காரர் நேற்று காலி செய்துவிட்டார். சுவரெல்லாம் கறுப்பு வட்டம், அறையெல்லாம் ரப்பர் நாற்றம். எனக்கு இப்போது அதுவே மணக்கிறது.

நடந்ததைக் கேள். ஓய்வு பெற்ற நர்சுக்கு மருத்துவமனைக் குடியிருப்பில் இடமில்லை, வருடக் கடைசிக்குள் கிளம்பு என்று எனக்கே ஓலை வந்துவிட்டது. டயர்க்காரரோ வாடகை ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடமாகியும் அசையவில்லை. சொந்த வீட்டில் அவருடைய டயர்கள், வீட்டுக்காரி நடுத்தெருவில்! நீ போனில், "தண்ணிய நிறுத்துக்கா, பூட்ட மாத்துக்கா, தானா ஓடுவான்" என்று வீரம் பேசினாய். கேட்டிருந்தால் நான் கம்பி எண்ணியிருப்பேன். தண்ணீர்க் குழாய் வரை போய்த் திரும்பியதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அவரைக் காலி செய்யச் சொல்லிப் போட்ட முதல் வழக்கு தள்ளுபடியானதற்கும் நீதான் காரணம். நம் இருவர் பேரிலும் இருக்கும் வீட்டுக்கு உன் கையெழுத்தை மட்டும் போட்டு நோட்டீஸ் அனுப்பினாயே, பெரிய மனுஷா! இந்த ஊரில் இருப்பது இரண்டே வக்கீல்கள். ஒருவர் டயர்க்காரரின் வக்கீல், இன்னொருவர் டயர்க்காரரின் மச்சான். அதனால் இரண்டாவது நோட்டீசை நானே எழுதி, உன்னிடமும் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். வாங்க மறுத்தார் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறுத்தாலும் கொடுத்ததாகத்தான் கணக்கு என்று நீதிமன்ற எழுத்தர் தைரியம் சொன்னார்.

மறுபடியும் வழக்குப் போட்டேன். விசாரணையில் டயர்க்காரர் கொஞ்சமும் கூசாமல், "நோட்டீஸ் வந்த அன்னிக்கு நான் ஊர்லயே இல்லைங்க ஐயா" என்றார். இந்த வழக்கும் போனால் மூட்டை முடிச்சோடு எங்கே போவேன்?

எழுந்து நின்று, தபால்கார அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றேன். குரல் நடுங்கவில்லை. சரி, கொஞ்சம் நடுங்கியது. ஊருக்கே கடிதம் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். சாட்சிக் கூண்டில் ஏறி, தன் பட்டுவாடாப் புத்தகத்தைப் புரட்டி, "அன்னிக்கு இவருக்கு ரெண்டு வந்துச்சுங்க. நோட்டீச வேண்டாம்னுட்டாரு, பார்சல மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரு" என்றார். தேதியோடு பளிச்சென்று கையெழுத்து! நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு டயர்க்காரரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடேயப்பா! பதினைந்து நாளில் காலி செய்ய உத்தரவாகிவிட்டது.

குடியிருப்புச் சாவியை இன்று காலை ஒப்படைத்தேன். மத்தியானம் இங்கே வெறும் தரையில் படுத்து அப்படியொரு தூக்கம் தூங்கினேன்.

போன முறை நீ வந்தபோது, என் ஒற்றை அறையில் இடமில்லை என்று விடுதியில் தங்கி, மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாய். இந்த முறை உனக்காக உள் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளோடு நோய் நொடியில்லாமல் நன்றாக இரு. ஆனால் ஒன்று, இனி இந்த ஊருக்கு வந்து விடுதியில் அறை எடுத்தாயானால் உன் மேல் வழக்குப் போடுவேன். எப்படிப் போடுவதென்று இப்போது எனக்குத் தெரியும்.

வழி பார்த்திருக்கும்,
உன் அக்கா