நீ மணி கட்டித்தான் போனாய்

இன்று மதியம் என் மகள் கீரை கழுவிய பிளாஸ்டிக் பேசினைக் கண்டதும் உன் நினைவு வந்துவிட்டது. வெள்ளவத்தையில் வயிற்றோட்டம் பரவுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கிருமிக்குப் போடுகிற கொண்டீஸ் தூளை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணில் படுகிற எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரில் முக்கி எடுக்கிறாள். காலையில் நாவற்பழ நிறமாக இருந்த தண்ணீரைக் கொட்ட மறந்துவிட்டாள். மதியத்துக்குள் அது பால் போடாத தேநீர் நிறமாகி, புதுப் பேசின் முழுக்கக் கறை.

"அப்பா, பேசின் நாசமாப் போச்சு. என்ன போட்டும் போகுதில்லை."

"தேசிக்காய் பிழிஞ்சு தேயுங்கோ பிள்ளை. போயிடும்."

போய்விட்டது. நீ எலுமிச்சங்கா என்று சொல்லுகிற தேசிக்காய் இரண்டு, ஐந்து நிமிடம். உங்களுக்கு எப்பிடித் தெரியும் என்று கேட்டாள். மருந்தறையில் வேலை செய்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நாற்பத்தைந்து வருடமாக நான் பதில் சொல்கிற விதம் இதுதான். பொய் சொல்வதில்லை. உண்மையையும் சொல்வதில்லை.

அப்போது நீ கொழும்பு ரேஸ் மைதானத்து லாயமொன்றில் குதிரைக்காரன். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளில் வந்து அதே லாயத்தின் மருந்தறையில் மருந்து கலக்குகிறவன். நீ மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவன். நான் துறைமுகத்துக் கிளாக்கரின் மகன், கோட்டுப் போட்டுத் திரிந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. மருத்துவப் படிப்பு ஒரு நாளும் படிக்காத என்னை நீ நாலு பேர் முன்னால் "டொக்டரய்யா" என்று கூப்பிடுவாய். எனக்குக் கோபம் வரும். அதற்காகவே இன்னும் பலமாகக் கூப்பிடுவாய்.

உன்னைப் போல ஒரு கவனக்காரனை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. சேணத்து வாரை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாய். பேச்சுக் கொடுக்காமல் எந்தக் குதிரையின் பின்னாலும் போகமாட்டாய். ஒருநாள் கொள்ளுப்பிட்டியில் தேநீர் குடிக்கப் போனோம். காலி வீதியைக் கடக்க நீ எடுத்த நேரத்தில் நான் கடந்து, தேநீருக்குச் சொல்லி, அது மேசைக்கும் வந்துவிட்டது.

"அந்தா ஒரு பஸ் வருதுல்ல. அது போகட்டும்" என்று அந்தப் பக்கம் நின்று சைகை காட்டினாய். பஸ் பம்பலப்பிட்டியைக்கூடத் தாண்டியிருக்காது. நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்தார். நீ ஆறுதலாக வந்து உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்தாய்.

பிறகு யுத்தம் எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. அந்த ஈஸ்டர் ஞாயிறு நான் அம்மாவோடு கோவிலில் இருந்தேன். ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டுப் போன கையோடு கொட்டாஞ்சேனையில் பாதி வீடுகள் பூட்டப்பட்டன. ரேஸ் மைதானத்தில் குதிரைகள் ஓடிய இடத்தில் விமானங்கள் இறங்கின. எங்கள் லாயத்துக் குதிரைகளைக் கோச்சியில் நுவரெலியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. ரயில் பெட்டி கிடைக்கும்வரை காத்திருந்த நாட்களில்தான் பொறுப்பாக இருந்த துரைக்கு அந்த யோசனை பிறந்தது. வெள்ளைக் குதிரை ஆகாயத்திலிருந்து பளிச்சென்று தெரியும், அதற்கு நிறம் பூசு என்று மருந்தறைக்கு உத்தரவு வந்தது.

லாயத்தில் வெள்ளைக் குதிரை ஒன்றுதான். பதிவேட்டில் அவளுக்கு இங்கிலீஷில் நீளமான ஒரு பெயர். உனக்கு அவள் வெள்ளச்சி.

நான் கொண்டீஸ் கரைத்த வாளிகளோடு வந்தபோது நீ வழியை மறித்து நின்றாய்.

"மேல இருந்து பாக்குறவனுக்கு இவ தெரியக் கூடாது, சரி. மலையில பக்கத்துல இருந்து பாக்குறவனுக்கு இவ என்னாவாத் தெரிவா?"

எனக்கு விளங்கவில்லை. நீ விளங்கப்படுத்தினாய். மலைக்காட்டில் மரை என்றொரு பெரிய மான் உண்டு, அதன் நிறம் பழுப்பு, பனிக்குள் பார்த்தால் குதிரை உயரம். மரை வேட்டைக் காலம் தொடங்கப் போகிறது.

"வெள்ளக் குதிரைய மரைன்னு நெனச்சு எவனும் சுடமாட்டான். இவளப் பழுப்பாக்கிட்டா நானே சுட்டுருவேன் போலருக்கு."

"அங்க போன உடன தேசிக்காயால கழுவி வெள்ளையாக்கித் தாறன். அரை மணித்தியால வேலை."

"நெசமாவா?"

"நான் சொன்னா நம்பமாட்டியா?"

நீ வழியை விட்டாய். பூசிய புதிதில் வெள்ளச்சி கத்தரிக்காய் நிறத்தில் நின்றாள். லாயமே கூடிச் சிரித்தது. காயக் காயப் பழுப்பானாள். நீ சிரிக்கவே இல்லை. அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு, "கொஞ்ச நாளைக்குத்தான்டி" என்றாய்.

நுவரெலியாவில் எங்களுக்குக் கிடைத்த லாயம் காட்டோரம். குதிரைகள் உடம்பு விட்டுப் போகாமலிருக்கத் தினமும் ஓட்ட வேண்டும், அதற்கு இருந்தது புல்வெளியை ஒட்டிப் போகும் ஒரு வண்டிப் பாதை. போன அன்றே மற்றக் குதிரைக்காரர்களைக் கூட்டி வைத்து நீ சொன்னது எனக்கு இன்றும் பாடம். விடிகிற நேரமும் பொழுது சாய்கிற நேரமும் குதிரையை வெளியே எடுக்காதே, மரை மேய வருவதும் வேட்டைத் துவக்கு காத்திருப்பதும் அப்போதுதான். பாதையை விட்டு இறங்காதே. கழுத்தில் மணி கட்டு. வாயை மூடாதே.

"மரை பேசாதுங்க. பேச்சுச் சத்தம் கேட்டா மனுசன்னு தெரியும்" என்றாய்.

அதனால் நீ பாதை முழுக்க வெள்ளச்சியோடு பேசிக்கொண்டே போவாய். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற உன் ஒரே தங்கச்சிக்கு வந்த மாப்பிள்ளைகள், அவர்களில் எவனுக்குக் குடிப்பழக்கம், அரிசி கிடைக்கிற கஷ்டம் எல்லாம் குதிரைக்குத் தெரிந்துதான் எங்களுக்குத் தெரிந்தன. நீ திரும்பி வருவதை ஒரு மைலுக்கு முன்பே கேட்கலாம். நாங்கள் சிரிப்போம்.

உனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. "ஊர் வேட்டைக்காரனுக்கு மணிச் சத்தம் தெரியும். லீவுல வந்துருக்க பட்டாளத்துத் தொரைங்களுக்கு என்னா தெரியும்? ஆடுற செடி பத்தையெல்லாம் மரைதான்." ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் ஒரு சாக்குத் தேசிக்காயோடு வந்தாய். மருந்தறை வாசலில் அதை இறக்கி வைத்து, என்னைப் பார்த்தாய்.

திங்கட்கிழமை மழை. செவ்வாய்க்கிழமை மழையில்லை, ஆனால் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. நான் உள்ளே இருந்து சீட்டு விளையாடினேன். புதன்கிழமை நீ எல்லோர் முன்னாலும், "டொக்டரய்யாவுக்குத் தண்ணியில கைய வச்சா காய்ச்ச வந்துரும்" என்றாய். உண்மையைத்தான் சொன்னாய். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இனி இவன் கெஞ்சினால்தான் செய்வது என்று நினைத்தேன். அந்தக் கீழ்மையை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை துரை வெள்ளச்சியை நேரத்தோடு ஓட்டச் சொன்னார். பனி விலகட்டும் என்று நீ சொன்னாய். அவர் கேட்கவில்லை. குளிருக்குப் பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வழக்கமான ஒரு மணிக்குப் பதிலாக இரண்டு மணி கட்டினாய். நான் கம்பளிக்குள் கிடந்தேன். வாசலில் நின்று கேட்டாய்.

"ஓட்டிட்டு வந்து எலுமிச்சங்கா பிழிவமா டொக்டரய்யா?"

"ஓம், ஓம். போயிட்டு வா, பாப்பம்."

நான் எழும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெடிச் சத்தம் கேட்டது. அந்த நாட்களில் அது புதினமில்லை. கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் வந்தது, உன் பேச்சு வரவில்லை. வெள்ளச்சி தனியே வந்து லாயத்து வாசலில் நின்றாள். சேணத்தில் இரத்தம். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நாங்கள் ஓடினோம். ஓடைக்குப் பக்கத்தில், பாதையிலிருந்து உருண்டு சரிவில் கிடந்தாய். குண்டு தொடையில் பட்டிருந்தது. ஓடை இரைச்சலில் உன் மணியும் உன் பேச்சும் கீழே இருந்து சுட்டவனுக்குக் கேட்டிருக்காது. புதர்ப் பற்றைக்கு மேலே, பனிக்குள், பழுப்பு முதுகு ஒன்று நகர்ந்தது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் சட்டையைக் கிழித்து உன் காலைக் கட்டினேன். இரத்தம் நிற்கவில்லை. நீ என்னைத் திட்டவில்லை, தேசிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மணி கட்டித்தான் இருந்தேன் டொக்டரய்யா" என்றாய்.

யாரோ உன்னைக் குற்றம் சொல்லிவிட்டதுபோல அதை இரண்டு தரம் சொன்னாய். வண்டி வருவதற்கு முன் போய்விட்டாய்.

அன்று பின்னேரம் நான் அந்தச் சாக்கை அவிழ்த்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக வெட்டிப் பிழிந்து வெள்ளச்சியைத் தேய்த்தேன். விரல் வெடிப்புகளில் புளி எரிந்தது. எரியட்டும் என்று தேய்த்தேன். நான் சொன்ன அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடவே எடுத்தது. பழையபடி வெள்ளையாகிவிட்டாள். அழுதுகொண்டே அவளையும் சேணத்தையும் துடைத்தேன். உனக்குச் செய்வதாக நினைத்துத்தான் செய்தேன்.

மறுநாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சுட்டவன் எங்கள் வயதுப் பட்டாளத்துப் பையன், முகம் வெளிறி நின்றான். பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய மிருகத்தைக் கண்டுதான் சுட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். குதிரையைக் கொண்டு வரச் சொன்னார்கள். வெள்ளச்சி வெயிலில் பால்போல வந்து நின்றாள். இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதால் அதிகாரி என்னைத்தான் கேட்டார், இதுதானா அந்தக் குதிரை என்று.

இதுதான் என்றேன்.

நேற்று வேறு நிறமா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. சாயம் பூசச் சொன்ன துரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குதிரைக்காரர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பூசியது நான், கழுவுவதாகச் சொல்லிக் கழுவாதது நான், செத்த பிறகு கழுவியதும் நான். வாயைத் திறந்தால் வேலை போகும், மறியலில் அடைத்தாலும் அடைப்பார்கள் என்று பயந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

வெள்ளைக் குதிரையை யாரும் மரை என்று சுடமாட்டான். நீ சொன்ன அதே நியாயத்தை வைத்தே அவர்கள் முடிவெழுதினார்கள். குதிரைக்காரன் குதிரையை விட்டு இறங்கி, பழுப்புக் கோட்டோடு வேட்டைக் காலத்தில் பற்றைக்குள் நடந்திருக்கிறான், அவனுடைய கவனயீனமே காரணம் என்று. அதை உன் ஆட்களுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னதும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து உன் தங்கச்சி கொட்டாஞ்சேனையில் என் வீட்டைத் தேடி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே குதிரைய விட்டு எறங்கித்தான் போச்சுங்களா? அது அப்படிப் போகாதுங்களே. எங்களையே பாதைய விட்டு எறங்க விடாதே."

"பனி தங்கச்சி. சரியான பனி. ஒண்டும் தெரியேல்லை."

"ஓ" என்று மட்டும் சொன்னாள். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு அவள் கல்யாணம் முடித்தாள், பிள்ளைகள் பிறந்தன. இப்போது ஹெந்தளையில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு மரண வீட்டில் கண்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்து, இது நம்ம அண்ணனோட கூட்டாளி என்று மகனுக்குச் சொன்னாள். அந்த நேரம் அவளுடைய பேரப்பிள்ளை வீதிக்கு ஓடியது. இவள் பதறிப்போய்க் கத்தினாள்.

"ஏய், பாத்துப் போ. பெரிய தாத்தா மாதிரி கவனமில்லாம போயிச் சாகப் போறியா?"

பிள்ளை நின்றுவிட்டது. அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் இப்படித்தான் நிறுத்துவதாம், அவள் மகனே சிரித்துக்கொண்டு சொன்னான். அம்மா எங்களையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தாங்க என்றான். பஸ் போகட்டும் என்று காலி வீதியில் கால் மணித்தியாலம் நின்றவன் நீ. உன் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கவனமில்லாதவனுக்கு உன் பெயர்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பிறகு ஹெந்தளைக்குப் போய்ச் சொல்வோம் என்று வந்துவிட்டேன். இதுவரை போகவில்லை. இப்போது நடக்கிறதும் யுத்தம்தான். வழியெல்லாம் சோதனை, வயதான ஆள் எதற்கு அலைகிறது என்று மகள் தடுக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்குப் பனியைச் சொன்னேன், இன்றைக்கு யுத்தத்தைச் சொல்கிறேன்.

நீ பாதையை விட்டு இறங்கவில்லை. வாயை மூடவில்லை. ஒன்றுக்கு இரண்டு மணி கட்டித்தான் போனாய். இதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் உயிரோடு மிஞ்சியிருக்கிறேன். எனக்கும் போன கிழமை நெஞ்சு வலித்தது. இந்தக் கடிதத்தை உன் தங்கச்சிக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். உனக்கு எழுதுவது சுகமாக இருக்கிறது, அதனால் உனக்கு எழுதிவிட்டேன்.