குளிமுறித் திரையின் இடது மூலை

என் செல்லச் சேவியர் அண்ணா,

நீ கேட்ட ஒரு கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது. உடனே உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பொழியூர் வீட்டைக் கடல் எடுத்தபிறகு அமரவிளையில் இந்த வீட்டைக் கட்டினாய். இதன் குளிமுறிக்கென்று ஷார்ஜாவிலிருந்து நீலப் பிளாஸ்டிக் திரை கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஷவரைத் திறந்ததும் அது உள்ளே வந்து உன் முதுகில் ஒட்டிக்கொண்டது. நுரையோடு நின்று கத்தினாய்: "மக்கா ஜெசிந்தா, நீ பிசிக்ஸ் படிச்சவளாக்கும்! தண்ணி வெளியல்லா தள்ளணும், இது என்னத்துக்கு உள்ள வருது?"

தனுவச்சபுரம் டுட்டோரியலில் பாடம் எடுக்கிற பெரிய டீச்சர் நான். "சிலபஸ்ல இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் திருத்தப் போனேன். அடுத்த லீவில் வந்தபோது உனக்கு நெஞ்சுவலி. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

உன் நாற்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள், குளிக்கப் போன உன் பெண்டாட்டி, என் மைனி, ஈரத்தோடு வெளியே ஓடிவந்தாள். "அவரு வந்து தொடுதாரு" என்றாள். அன்றிலிருந்து கிணற்றடியில்தான் குளியல். ஆறு மாதத்தில் விஷயம் காதுக்குக் காது போய், மைனியின் அண்ணன்மார் ஜீப்போடு வந்துவிட்டார்கள். "இஞ்ச இனி இருக்கண்டாம். சாமான கெட்டி வையி, ஞாயிற்றுக்கிழம வாறோம்" என்று சொல்லிப் போனார்கள்.

சொல்லு அண்ணா, நீயும் இல்லை, மைனியும் இல்லை என்றால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

சனிக்கிழமை மத்தியானம் மைனி கையைப் பிடித்துக் குளிமுறிக்கு இழுத்துப் போனேன். ஒரு கொசுவர்த்தியைக் கொளுத்தி, திரைக்கு உள்ளே நனையாத ஓரத்தில் வைத்து ஷவரைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர்தான், அதனால் சூட்டுக் காற்று மேலே ஏறுகிற கதை இங்கே செல்லாது. விழுகிற துளிகள் பக்கத்துக் காற்றையும் கீழே கூட்டிக்கொண்டு போயின. புகை தரைவரை போய்த் திரும்பி மேலே ஏறி, சுற்றிச் சுற்றி வந்தது. சுழலின் நடுவில் அழுத்தம் குறையும். வெளியே நிற்கிற காற்று சும்மா இருக்குமா? திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். உள்ளேயிருந்து யாரும் இழுக்கவில்லை, நம் வீட்டுக் காற்றுதான் தள்ளுகிறது. இதுதான் முழு விளக்கம் என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் புகையைக் கண்ணால் பார்த்தோம்.

ஜெயித்துவிட்ட நினைப்பில் திரும்பினேன். மைனி அழுதுகொண்டிருந்தாள்.

"அப்போ அவரு இல்லேண்ணு சொல்லுதியா?"

"இல்ல மைனி, ஒனக்க பயமும் பேடியும் போவட்டுண்ணுதான்..."

"எனக்கு பேடிண்ணு ஆரு சொன்னா? மொகத்தக் காட்டாம வந்து தொட்டா நான் எப்பிடித் தாங்குவேன் மக்கா?"

என் படிப்பை எங்கே கொண்டுபோய் வைக்க? ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தும், அது பயமில்லை என்று எனக்குத் தெரியவில்லையே. நானும் சேர்ந்து அழுதேன். ஷவரை மூட மறந்து டாங்க் காலியானது.

தண்ணீர் நின்றதும் திரை தானாக இறங்கித் தொங்கியது. மைனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பாக்க பழைய வலை சாக்குல உண்டுல்லா? அதுல உள்ள ஈயக்குண்ட எடுத்துட்டு வா" என்றாள். வலை தண்ணீரில் மேலே எழும்பாமல் இருக்க அடியில் கனம் வேண்டும் என்று கடற்கரைக்காரிக்கு டீச்சரா சொல்லித்தர வேண்டும்? திரையின் அடிமடிப்பில் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தாள். இடது மூலை வந்ததும் நூலை முடிந்துவிட்டாள்.

என் கையில் இன்னும் நாலு குண்டு இருந்தது. நீட்டினேன்.

"வேண்டாம். அந்த மூலை ஆடட்டு."

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. மைனி ஈரத் தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு குளிமுறியிலிருந்து நேராக வாசலுக்குப் போனாள். "நான் வரல்ல. இருந்து சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

இன்று காலை நான் குளிக்கும்போது அந்த மூலை வந்து என் காலைத் தொட்டது. காற்றுதான், தெரியும். இருந்தாலும் "என்ன அண்ணா?" என்று கேட்டுவிட்டேன். மீதி நாலு குண்டும் என் மேசை டிராயரில் கிடக்கின்றன. அவற்றை அந்த மூலையில் ஒருநாளும் தைக்கமாட்டேன், தைக்க யாரையும் விடவும் மாட்டேன்.

பதில் சொல்லப் பிந்திப்போன உன் தங்கச்சி,
ஜெசிந்தா