ஒருத்தன் தூக்கிய கார்

அன்புள்ள அரசிக்கு,

உன் இருமல் தேவலையா? பீங்கான் ஆலையில் மூக்கில் துணி கட்டாமல் நிற்காதே. நான் நன்றாக இருக்கிறேன். போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் காவல் நிற்கும் பல்கலைக்கழகத்தில் முந்நூறு காருக்குத்தான் இடம், வருவது எழுநூறு. செவ்வாயன்று ஓர் அதிகாரி இடம் கிடைக்காமல் விடுதி வாசலை மறித்துக் காரை விட்டுப் போய்விட்டார். உள்ளே ஒரு மாணவிக்கு வலிப்பு. வெளியே ஆம்புலன்ஸ் அலறுகிறது. நானும் நாலு மாணவர்களும் காரின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தினோம். பெண் பிழைத்துவிட்டாள். சுவரில் இடித்துக் கார்க் கதவு நசுங்கிவிட்டது.

"கூட யாரெல்லாம் இருந்தாங்க? பேரைச் சொல்லு, உன் வேலை இருக்கும்" என்கிறார் அதிகாரி. சொன்னால் பிள்ளைகளின் படிப்பு போய்விடும். "நான் ஒருத்தன்தாங்க தூக்கனேன்" என்றேன். திங்கட்கிழமை விசாரணை.

இடுப்பு லேசாகப் பிடித்திருக்கிறது, தைலம் அனுப்பு. கூடவே உன் கையெழுத்தில் ரெண்டு வரியும் வை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நீ சும்மா இருக்கமாட்டாய், கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ச் சாமிக்குப் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிவிடுவாய். கட்டு. ஆனால் சாமிக்கும் நான் ஒருத்தனே தூக்கியதாகத்தான் எழுத வேண்டும்.

பழமலைநாதன்