விபா சௌத்ரியின் பெயரும் உன் பெயரும்

சாந்த்ராகாச்சி
18-2-1999

அன்பு மகள் ஷியாமளாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. நீ எழுதியதை என் பெயரில் அச்சிட்டுக்கொண்டேன். அது திருட்டு, வேறு சொல் தேடவில்லை.

நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்குத் துகள் இயற்பியல் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதப்போகிறேன், யாரைச் சேர்க்கலாம் என்று உன்னைக் கேட்டேன். நீ ஜெனிவாவில் வேலைக்கு நடுவே பதினொரு பக்கம் எழுதி அனுப்பினாய். பாதித் துகள்களுக்குப் போஸான் என்று தன் பெயரைத் தந்தும் நோபல் பெறாத சத்யேந்திரநாத் போஸ், சோதனை செய்து காட்டியும் பரிசில் பங்கு கிடைக்காத சீனத்து அம்மையார் வூ, எல்லோருக்கும் மேலாக நம் ஊர் விபா சௌத்ரி. டார்ஜிலிங் மலையில் போட்டோ தட்டுகளை வைத்து மேஸான் என்ற துகளின் தடங்களைக் கண்டவர், யுத்த காலத்தில் நல்ல தட்டு கிடைக்காமல் நின்றுபோனவர், அதே வழியில் மேலே போன இங்கிலாந்துக்காரர் பவல் 1950இல் நோபல் வாங்கினார், இவர் எட்டு வருஷத்துக்கு முன் இதே கல்கத்தாவில் யாருக்கும் தெரியாமல் இறந்தார் என்று நீ எழுதியதைப் படித்து எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடுதான் பிரதி எடுத்து அடியில் ச. மணிவேல் என்று போட்டேன்.

லேக் கார்டன்ஸில் மலர் வெளியீட்டன்று, அதன் ஆசிரியர் வெங்கடநாராயணன், பாங்க் அதிகாரியாக இருந்தவர், மேடையிலேயே, "ரயில்வே யார்டுல வேகன் நம்பர் எழுதிண்டிருந்த மனுஷர், காலேஜ் வாசல் மிதிக்காதவர், இவருக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு பாருங்கோ" என்றார். முப்பது வருஷமாக அந்தச் சங்கத்தில் நாற்காலி எடுத்துப்போட மட்டும் கூப்பிட்டவர்கள் கை தட்டினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சால்வையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஊரார் வீட்டுப் பொண்ணு பேரை மறைச்சுட்டாங்கன்னு நாலு பக்கம் அழுதிருக்கீங்க, உங்க வீட்டுப் பொண்ணு பேரு எங்கே?" என்று கேட்டாள். மலரை உனக்குத் தபாலில் போட்டதும் அவள்தான். நீ போனில் "அச்சு நல்லாருக்குப்பா" என்று மட்டும் சொன்னாய். அதற்குப்பின் இரண்டு ஞாயிறாக மணி அடிக்கவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். துகளின் தடத்துக்கு உவமையாக, வண்டி போனபின் துருப்பிடித்த தண்டவாளத்தில் மினுங்கும் கோட்டைப் பார்த்து வண்டி போனதைச் சொல்வதுபோல என்று எழுதிய வரி என்னுடையது. மற்ற எல்லா வரிகளும் உன்னுடையவை.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் மாடிப்படி ஏறி வடகம் காயப் போடுகிறாள். பனியில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே. நோய்நொடி இல்லாமல், எடுத்த ஆராய்ச்சி கைகூடி, உன் பெயரில் நீ நிலைக்க வேண்டும்.

இனி ஆக வேண்டியவை. மார்ச் ஏழாம் தேதி ஞாயிறு சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். வெங்கடநாராயணன் அடுத்த இதழின் முதல் பக்கத்தில் உன் பெயரைப் போட வேண்டும், மூலையில் போட்டால் ஒப்பமாட்டேன். அம்மா முன்வரிசையில் உட்கார வேண்டும், நான் மழுப்பினால் அவள் எழுந்து சொல்ல வேண்டும். அன்று மாலை நீ போன் செய்ய வேண்டும். அம்மாதான் எடுப்பாள். அப்பா சொன்னாரா என்று அவளிடம் கேள், என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. மணிவேல்