மாமியும் நானும் கூலிக்கொலைகாரர்களும்

மாமி,

பெருநாளைக்கு வீடு கழுவுகிறார்கள். உங்கள் அறை வாசலில் தொங்கிய திரைச்சீலையை உங்கள் மகள் கழற்றி என் மடியில் போட்டாள். அதன் ஓரத்தில், நிலத்தில் குந்தியிருப்பவரின் கண் உயரத்துக்கு, ஒரு கறுத்த அடையாளம். இரண்டு விரலால் சீலையை விலக்கிப் பிடித்து நீங்கள் படம் பார்த்த இடம் அது. தைலம் இன்னும் மணக்கிறது. "இதக் கழுவட்டா?" என்றாள். வேணாம் என்றேன்.

மருதமுனையிலிருந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்து உங்களோடு பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். அதில் நாம் முகம் பார்த்துக் கதைத்தது ஒரே ஒரு தரம். மார்க்கம் ஒன்றும் தடுக்கவில்லை. மருமகன் முன்னால் மாமி வருவதில்லை என்ற ஊர் வெட்கம்தான் தடுத்தது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சோறு தின்று, நான் பென் டிரைவைத் தொலைக்காட்சியில் செருகினால் போதும், சீலை அசையும். கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாத உங்களுக்குக் கூலிக்குக் கொலை செய்கிறவன் வரும் படம்தான் வேண்டும். காதல் படம் கொண்டுவந்தால் இருமத் தொடங்குவீர்கள்.

ஒரு படத்தில் அவன் ஆளைக் கொல்லப் போகுமுன் சட்டையை அயன் பண்ணிப் போட்டான். "ஒழுங்கான புள்ள" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "காசுக்கு ஆளக் கொல்றவனுக்கு என்ன ஒழுங்கு? அவன் ஷைத்தான்" என்று தொலைக்காட்சியிடம் சொன்னேன். பதில் உங்கள் மகளுக்கு வந்தது.

"புள்ள, மருமகனுக்குச் சொல்லு. அவன் ஏவப்பட்டவன். ஏவினவன் ஏசி ரூமுக்குள்ள இரிக்கான். அவன ஒருத்தரும் ஏசுறல்ல."

"உம்மா சொல்றா..." என்று அவள் தொடங்குவாள். இரண்டு முழத் தூரத்துக்கு ஒரு தூதர்! அவளுக்கு அந்தப் படங்கள் ஒன்றும் பிடிக்காது. எங்கள் சண்டை பிடிக்கும்.

பிறகு அந்த வாகை மரத்து விஷயம் வந்தது. வீதியோர மரம் வெட்டக் கொந்தராத்து எடுக்கும் முதலாளியிடம்தான் எனக்கு அன்றும் இன்றும் மேற்பார்வை வேலை. நம் சந்தி மரத்தின் கீழே, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். கடை என்றால் நாலு தடியும் ஒரு தகரமும். மற்றதெல்லாம் மரத்தின் நிழல். ஒரு பக்கத்துக் கிளைகளைத் தறித்தாலே வீதிக்குப் போதும். அது எனக்கு நன்றாகத் தெரியும். முதலாளி அடியோடு வெட்டச் சொன்னார், நானும் அடியோடு வெட்டுவித்தேன். காக்கா காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார்.

செய்தி எனக்கு முன்னமே வீட்டுக்கு வந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும், யாரும் கேட்குமுன், உங்கள் கதையையே உங்களுக்குத் திருப்பிச் சொன்னேன்: "நான் ஏவப்பட்டவன்தானே."

சீலை விலகியது. நீங்கள் வெளியே வந்து என் முன்னால் நின்றீர்கள். முக்காட்டுக்குள் அந்த முகம் எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் கண்டேன்.

"மகன், அவனுகள் நல்லவனுகள் எண்டு நான் சொன்னது சுட்டதுக்கா? எல்லாப் படத்திலயும் ஒருத்தனச் சுடாம விடுவான். அந்த இடத்தப் பாக்கத்தான் நான் குந்தி இரிக்கிற. நீங்க ஆர விட்டீங்க?"

நான் கை கழுவ எழுந்தேன்.

"அல்லாஹ்க்கிட்ட மன்னிப்ப மறுகா கேளுங்க. முதல்ல அந்த மனிசன்ட்ட போய் மாப்புக் கேளுங்க."

நான் போகவில்லை. வெட்கம். மூன்றாம் நாள் சீலைக்குப் பின்னால் உங்கள் குரல்: "மருமகன் போனாராமா, கேளு புள்ள." "ஓம், போனன்" என்று பொய் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றீர்கள். அந்த வெள்ளிக்கிழமை என் சோற்றுக் கோப்பையில் மட்டும் நீங்கள் பொரித்த மீன் சினை இருந்தது. பொய்யையும் சினையையும் சேர்த்து விழுங்கினேன். அதன் பிறகு எத்தனையோ படம் பார்த்தோம். நீங்கள் அதைப் பற்றி மறுபடி கேட்கவேயில்லை. நம்பிவிட்டீர்கள் என்றே இருந்தேன்.

உங்கள் ஜனாஸாவுக்குக் காக்கா வந்தார். உங்களைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார். அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காக்கா, அந்த மரத்துக்காக என்ன மன்னிச்சிக்கங்க. நான் அப்பவே வந்திரிக்க வேணும்."

அவர் வியப்பாகப் பார்த்தார். "அதான் உங்கட மாமி வந்து கேட்டுட்டாவே! மரம் வெட்டி நாலாம் நாள். 'தம்பி, எங்கட மருமகன் நல்ல புள்ள, வெட்கத்தில வரல்ல, அவருக்காக நான் மாப்புக் கேக்கன்' எண்டா. நான் ஓம் எண்டு சொல்றவரைக்கும் அந்த வெயிலுக்குள்ள நிண்டா."

நாலாம் நாள். நான் பொய் சொன்ன மறுநாள். சினை பொரித்தது அதற்கும் பிறகு. எல்லாம் தெரிந்துகொண்டேதான் பொரித்திருக்கிறீர்கள், மாமி. என் முன்னால் வர வெட்கப்பட்ட நீங்கள், என் வெட்கத்துக்காகச் சந்தியில் போய் நின்றிருக்கிறீர்கள். மையவாடி மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஊரார் மாமிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள், அதுவும் உண்மைதான்.

கூலிக்குக் கொல்கிறவன் கெட்டவனா என்ற நம் வழக்கில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் இப்போது மரம் வெட்டச் சொன்னால், ஆட்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நான் மட்டும் முதலில் போகிறேன். மரத்தின் நிழலில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, "நான் வெட்ட வந்திருக்கிறேன்" என்கிறேன். அனுப்பினார்கள் என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்ன பிறகு சில மரங்களை என்னால் வெட்ட முடிவதில்லை.